நீர்வீழ்ச்சிக்கு முன்னால் ஒரு தனிப் படம்

செத்துப்போனவர்கள் எல்லோரும் ஒரே நீர்வீழ்ச்சிக்கு முன்னால்தான் நிற்கிறார்கள் என்பதைக் குலசேகரம் கவனித்தது ஒன்பதாவது மரண அறிவித்தலின்போது. பதினான்கு வருடமாக அவர் ஊர்ச் சங்கத்தின் செயலாளர். லண்டனில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் கண்ணை மூடினால், வீட்டுக்காரரிடம் படம் வாங்கி, பிறந்த இடம் வாழ்ந்த இடம் சரிபார்த்து, மருமக்களில் ஒருவர் பெயரும் விடுபடாமல் எழுதி, ஈஸ்ட் ஹாமில் சேலைக்கடைக்கு மேல்மாடியில் கணினி வைத்திருக்கும் சிவதர்ஷனுக்கு அனுப்புவது அவருடைய வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது. அந்த வேலையைத் தனக்குத் தா என்று வேறு யாரும் கேட்டதும் கிடையாது.

சிவதர்ஷனிடம் இருந்தது ஒரேயொரு நீர்வீழ்ச்சி. அது எந்த நாட்டுத் தண்ணீர் என்று அவனுக்கே தெரியாது. வானத்திலிருந்து நேராகக் கொட்டும். இரண்டு பக்கமும் ரோசாப்பூ, அடியில் ஓர் அன்னம். வாழ்நாளில் கிணற்றையும் குழாயையும் தவிர வேறு தண்ணீர்ப் பக்கம் போகாதவர்கள்கூட, போன மறுநாளே அந்த அன்னத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

தண்ணீரையாவது பொறுத்துக்கொள்ளலாம். படங்கள்தான் பெரிய அநியாயம். உயிரோடு இருக்கும்போது யாரும் தன் சாவுக்கென்று படம் எடுத்து வைப்பதில்லை. ஆள் போன பிறகு, அழுத கண்ணோடு பிள்ளைகள் போனைத் தட்டித் தட்டித் தேடுவார்கள். கடைசியில் யாரோ ஒருவரின் மகளுடைய சாமத்திய வீட்டு விருந்தில் வடையைக் கடித்துக்கொண்டு நிற்கும் படம்தான் அகப்படும். சிவதர்ஷன் வடையை அழித்துவிடுவான். வாய் கடித்தபடியே இருக்கும்.

பரமலிங்கத்தின் படம் அதையும் தாண்டிவிட்டது. ஒரு கல்யாண மண்டபத்துக் கூட்டத்திலிருந்து அவரை வெட்டி எடுத்தபோது, அவர் தோளில் இருந்த கை கூடவே வந்துவிட்டது. மோதிரம் போட்ட கை. "கையை எடுத்தா தோளும் போயிடும் அண்ணை" என்று சிவதர்ஷன் சொல்லிவிட்டான். செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். தேவாரம் பாடும்போதே இரண்டாம் வரிசையில், இது யாருடைய கை என்ற ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. மச்சானுடையது என்றார்கள் சிலர். மச்சானுக்கு அவ்வளவு நகம் இல்லை என்றார்கள் வேறு சிலர். பரமலிங்கத்தின் மனைவி மட்டும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

தனக்கு அப்படி நடக்கக்கூடாது என்று குலசேகரம் அன்றைக்கே முடிவெடுத்தார். ஆனால் மனிதன் எடுக்கும் முடிவுகளில் பாதி, திகதி ஒன்று வந்து கழுத்தைப் பிடிக்கும்வரை அப்படியே கிடக்கும். அவருக்கும் திகதி வந்தது. ஒக்டோபர் கடைசி வியாழக்கிழமை, இதயத்தில் ஒரு வால்வு மாற்ற வேண்டும். சத்திர சிகிச்சை செய்யவிருந்த பெண் டொக்டர் தாளில் இதயத்தைக் கீறிக் காட்டி, நூறு பேரில் தொண்ணூற்றேழு பேர் நன்றாக எழும்பிப் போகிறார்கள் என்றாள். சந்திரவதனாவுக்குத் தொண்ணூற்றேழு காதில் விழுந்தது. குலசேகரத்துக்கு மூன்று விழுந்தது. அவர் இருபத்திரண்டு வருடம் பெட்ரோல் நிலையத்தில் நின்றவர். நூறு கார் வந்தால் மூன்று பேர் டீசல் காருக்குள் பெட்ரோலை அடித்துவிட்டு முழிப்பார்கள். மூன்று என்பது சின்ன எண் இல்லை என்பதை அவர் கண்ணால் கண்டவர்.

பயம் என்று அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை. முன்னேற்பாடு என்று வைத்துக்கொண்டார். பயம்தான்.

ஆகவே வியாழனுக்கு முந்திய திங்கட்கிழமை காலை, தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "இஞ்சரும், இண்டைக்கு ஒரு பார்க்குக்குப் போவமோ?" என்று மனைவியைக் கேட்டார்.

சந்திரவதனா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள். கல்யாணம் முடித்து முப்பத்தாறு வருடம். அதில் லண்டனில் முப்பத்திரண்டு. கல்யாண வீடு, செத்தவீடு, கோயில், ஆஸ்பத்திரி என்ற நான்கையும் தவிர ஐந்தாவதாக ஓர் இடத்துக்கு அவர் அவளைக் கூட்டிப் போனதில்லை.

"எந்தப் பார்க்?"

"ஹொலண்ட் பார்க். உள்ளுக்கை ஜப்பான்காரற்றை தோட்டம் ஒண்டு இருக்காம். நீர்வீழ்ச்சியும் இருக்காம்."

"ஒப்பரேசன் முடியட்டும். ஆறுதலாப் போவம்."

"ஐயர் வருமட்டும் அமாவாசை நிக்குமோ? இலையெல்லாம் கொட்டிப்போம்."

அவள் வெங்காயத்தை மூடி வைத்துவிட்டு மேலே போய், ஊதாச் சேலையை இஸ்திரி போட்டாள். இல்ஃபோர்டில் இருக்கும் மகள் விதுஷாவுக்குப் போன் எடுத்து, "அப்பா என்னை வெளியிலை கூட்டிக்கொண்டு போறார்" என்றாள். மறுமுனையில், "அம்மா, அப்பா ஓகேயோ? ஆர் யூ ஷுவர்?" என்று மகள் பதறியது படிக்கட்டுக்குக் கீழே நின்ற குலசேகரத்துக்கும் கேட்டது. சந்திரவதனா சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்கு நெஞ்சுக்குள் எங்கோ இடறியது. வால்வுதான் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் உடுத்தது சாம்பல் நிறக் கோட் சூட். பார்க்குக்கு ஏன் சூட் என்று அவள் கேட்டதற்கு, குளிர் என்றார். சூட்டுக்கு மேல் குளிர் ஜக்கெட்டையும் போட்டுக்கொண்டதால் அந்தப் பதில் ஒருமாதிரி எடுபட்டது. அவள் கட்லட்டும் ஒரு பிளாஸ்க் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டாள். டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி, இடையில் ஒருமுறை மாறி, பார்க் வாசலுக்குப் போய்ச் சேர நண்பகல் ஆகிவிட்டது. இடையில் இரண்டு இடத்தில் அவர் மூச்சு வாங்க நின்றார். அவள் கடைக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் கூடவே நின்றாள்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் சந்திரவதனா அசையாமல் நின்றுவிட்டாள். சின்ன மேப்பிள் மரங்கள் குளத்தைச் சுற்றிச் சிவந்து நின்றன. சில வறுத்த மிளகாய் நிறம், சில மஞ்சள், ஒன்றிரண்டு இன்னும் மனம் வராமல் பச்சையாக. விழுந்த இலைகள் தண்ணீரில் மிதக்க, அவற்றுக்குக் கீழே முழங்கை நீளத்தில் சிவப்பு மீன்கள் ஒரு வேலையும் இல்லாமல் போய் வந்தன.

"இவ்வளவு நாளும் உது இஞ்சையே இருந்தது?" என்றாள்.

"ஓம்."

"நாங்கள் வந்த நாள் தொட்டு?"

"அனேகமா."

அவள் குனிந்து ஒரு சிவந்த இலையை எடுத்துப் பார்த்தாள். இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அவருடைய கவலை வேறு. நீர்வீழ்ச்சி. சிவதர்ஷனின் தண்ணீரைப் பதினான்கு வருடம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனதுபோல் இருந்தது இது. கல்லடுக்குகளில் ஏறி இறங்கி, அடக்க ஒடுக்கமாக விழுந்தது. வானத்திலிருந்து வரவில்லை. ஆனாலும் உண்மையான தண்ணீர். சத்தமும் இருந்தது. தட்டைக் கற்பாலத்தில் நின்றால் சரியாகப் பின்னால் வரும் என்று கணக்குப் போட்டு, ஜக்கெட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். போனையும் கொடுத்தார்.

"என்னைத் தனிய ஒரு படம் எடும். இடுப்புக்கு மேலை."

முகத்தை எப்படி வைத்திருப்பது என்பதை அவர் வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் பழகியிருந்தார். பல் தெரியச் சிரித்தால், போனது நல்லது என்று நினைக்கிற ஆள்போல் இருக்கும். முறைத்தால் குடும்பத்தின்மேல் பழி விழும். இரண்டுக்கும் நடுவே ஒரு முகம் உண்டு. அதை அவரால் ஏழு விநாடிவரை பிடித்து வைத்திருக்க முடிந்தது.

சந்திரவதனா எடுத்த முதல் படத்தில் அவருடைய தலை இல்லை. இரண்டாவதில் அவளுடைய விரல் இருந்தது. மூன்றாவதில் ஒரு கொக்கு மிகத் தெளிவாக விழுந்திருந்தது. குலசேகரம் ஓரத்தில் மங்கலாக, யாரோ வழிப்போக்கர்போல் நின்றார். பத்தாவது படம் எடுக்கும்போது தோகை கொட்டிய மயில் ஒன்று புல்வெளியால் நடந்து போக, அவள் போனை அந்தப் பக்கம் திருப்பி, "முருகன்ரை வாகனம்! லண்டனிலை!" என்று பதினைந்து படம் எடுத்தாள்.

"மயில் என்னத்துக்கு? என்னை எடும்."

"உங்கடை முகத்தை நெடுகப் பாக்கிறன்தானே. மரத்தையும் மயிலையும் எடுக்க வேண்டாமோ?"

நாற்பது படம் ஆகியும் ஒன்றும் உருப்படவில்லை. பாலத்தில் தங்கள் முறைக்குக் காத்து நின்ற கூட்டம் பெருத்துக்கொண்டிருந்தது. அவர்களில் ஒரு இளம்பெண், இருவரையும் சேர்த்துத் தான் எடுத்துத் தருவதாகச் சொல்லிப் போனை வாங்கிக்கொண்டாள். குலசேகரம் இருவர் வேண்டாம், ஒருவர் என்று ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்குவதற்குள் சந்திரவதனா பாலத்துக்கு வந்து, பக்கத்தில் இருந்த கல்லில் ஒரு காலை வைத்து ஏறி, அவருடைய தோளில் கையைப் போட்டாள்.

முப்பத்தாறு வருடத்தில் சனத்துக்கு முன்னால் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அதை அவர் பிறகுதான் யோசித்தார். அந்த நேரம் அவருக்கு நினைவுக்கு வந்தது பரமலிங்கம்.

"கையை எடும்" என்றார்.

அவள் எடுத்தாள். கல்லிலிருந்து இறங்கினாள். அதற்குள் படத்தை எடுத்து முடித்திருந்த இளம்பெண், போனைத் தந்து நன்றி வாங்கிக்கொண்டு போனாள். சந்திரவதனா அந்தக் கையைக் குளிர்க்கோட்டின் பைக்குள் வைத்தாள். பிறகு வாங்கில் உட்கார்ந்து கட்லட் பெட்டியைத் திறந்ததும், பிளாஸ்க்கைச் சாய்த்ததும் மற்றக் கையால். தேத்தண்ணி கொஞ்சம் வெளியே சிந்தியது. அவர், கட்லட் நன்றாக இருக்கிறது என்றார். அவள், உப்புக் காணாது என்றாள்.

அவள் கை கழுவப் போன நேரம் பார்த்து அவர் போனைத் திறந்தார். மொத்தம் நாற்பத்தொரு படம். அந்த இளம்பெண் எடுத்ததுதான் கடைசி. பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்னால் தண்ணீர் அளவாக விழுந்தது. மேல் மூலையில் ஒரு சிவந்த கிளை. கீழே திகதிகள் போட வேண்டிய இடம், சொல்லி வைத்ததுபோல் வெறுமையாக இருந்தது. அவருடைய முகமோ, கண்ணாடிக்கு முன்னால்கூட அவ்வளவு சரியாக வந்ததில்லை. ஒரே குறை, அந்தக் கை. பக்கத்தில் சந்திரவதனா நின்றாள் என்பதை அவர் கண் பார்த்தது, ஆனால் நின்று பார்க்கவில்லை.

வியாழனுக்கு மூன்று நாள்தான் இருந்தது. படத்தைச் சிவதர்ஷனுக்கு அனுப்பி, கீழே இப்படி எழுதினார்: "தம்பி, ஓராளை மட்டும் தனிய வெட்டி எடும். வியாழனுக்கு முதல் வேணும்." அவள் வருவது தெரியவே போனைப் பைக்குள் வைத்தார்.

திரும்பும் வழியில் ரயிலில் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. நெடுநேரம் இருவரும் எதிர்ப்பக்கக் கண்ணாடியில் தங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போ ரோட் வந்ததும் சந்திரவதனா, "போனைத் தாங்கோ. விதுஷாக்குப் படம் அனுப்பவேணும்" என்றாள். பைக்குள் வைத்திருந்த கையும் இப்போது வெளியே வந்திருந்தது. கோபம் தணிந்துவிட்டதென்று அவர் போனைக் கொடுத்தார்.

போ ரோட் தாண்டினால் ரயில் சுரங்கத்தை விட்டு வெளிச்சத்துக்கு வந்துவிடும். வெளிச்சம் வந்ததும் போன் இரண்டு தடவை டிங் என்றது. அவள் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தாள். புரோம்லி பை போ வந்து போனது. கதவு மூடி ரயில் எடுத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"இஞ்சருங்கோ."

"என்ன?"

"நான் செத்துப்போனன்."

அவர் போனை வாங்கினார். மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று இருந்தது. அதன் கீழ், 'திருமதி சந்திரவதனா குலசேகரம்'. 'மலர்வு' என்று போட்டுப் புள்ளிகள். 'உதிர்வு' என்று போட்டுப் புள்ளிகள். நடுவில், வானத்திலிருந்து கொட்டும் அந்தத் தண்ணீருக்கு முன்னால், ரோசாப்பூவுக்கும் அன்னத்துக்கும் இடையில், ஊதாச் சேலையோடு சந்திரவதனா நின்று சிரித்தாள். அவளுடைய கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. அந்தக் கைக்குக் கீழே, வெண்ணெய் பூசும் பாண் துண்டு ஒன்றின் அளவுக்குச் சாம்பல் நிறக் கோட்டுத் தோள் மட்டும் மிஞ்சியிருந்தது.

சிவதர்ஷன் எழுதியிருந்தான்: "அண்ணை, என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. போன கிழமையும் அக்காவைக் கடையடியிலை கண்டனான். கையை வெட்டினா வடிவில்லை எண்டு தோளைக் கொஞ்சம் விட்டிருக்கிறன். திகதியளை அனுப்புங்கோ."

அவனில் பிழை சொல்ல முடியாது. பதினான்கு வருடமாகக் குலசேகரம் அவனுக்கு அனுப்பியதெல்லாம் செத்தவர்களின் படங்கள். படத்தில் இரண்டு பேர். ஒருவர்தான் அனுப்புகிறார். அப்படியானால் போனது மற்றவர். தன் படத்தைத் தானே அனுப்பும் மனிதன் உலகத்தில் இருப்பான் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

"ஆரை வெட்டச் சொல்லி அனுப்பினனீங்கள்?" என்றாள் சந்திரவதனா.

"என்னை."

"உங்களை?"

"வியாழக்கிழமை ஒண்டெண்டா... ஒரு நல்ல படம் இருக்கட்டும் எண்டு."

வெஸ்ட் ஹாம் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள்.

"அப்ப உதுக்கோ என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"ஓம்."

"நான் சேலையெல்லாம் இஸ்திரி போட்டு, பிள்ளைக்கும் போன் பண்ணிச் சொல்லி..."

"கேட்டுது."

"கையை எடு எண்டதும் உதுக்குத்தானோ?"

"ஓம்" என்றார். பொய் சொல்ல அவருக்கு ஒன்றும் கைவசம் இருக்கவில்லை.

அவள் அடுத்து என்ன சொன்னாள் என்பதைக் குலசேகரம் கேட்கவில்லை. கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய பழக்கம். பார்த்தார். இல்லை. பதினொரு பேருடைய அறிவித்தலை அவர் அப்படிப் பிழை திருத்தியிருக்கிறார், ஒருமுறையும் கண் கலங்கியதில்லை. இப்போது எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அவள் அப்படிச் சிரித்துக்கொண்டு நின்றதை அவர் அங்கே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை நாளும் தான் போவதையே யோசித்தார். பிறகு இந்தப் படத்தை மற்ற ஆள் தனியே வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டுமே என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை. இப்போது அவர்தான் அந்த மற்ற ஆள். வியாழக்கிழமைக்குப் பயந்ததைவிட நூறு மடங்கு அவர் இதற்குப் பயந்தார்.

பிளெய்ஸ்டோவில் அவர் அழுதார். சத்தம் வெளியே வராமல் அழுவதாகத்தான் அவருடைய எண்ணம். எதிரே இருந்த பையன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுப் பார்த்தான்.

"என்னப்பா இது" என்றாள் சந்திரவதனா. கோபமாகத்தான் தொடங்கினாள். "நான் இஞ்சைதானே இருக்கிறன்."

அப்டன் பார்க் வருவதற்கு முன் போன் அடித்தது. சிவதர்ஷன். குலசேகரம் போனை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி எடுத்தாள்.

"அண்ணை, நான் சிவதர்ஷன். கேள்விப்பட்ட உடனை வர ஏலேல்லை..."

"ஓம் தம்பி, சொல்லும். சந்திரவதனா அக்காதான் கதைக்கிறன்."

ரயில் ஒரு வளைவை எடுத்து முடித்தது.

"தம்பி? நிக்கிறீரோ? இல்லை, ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. ரெண்டு பேரும் ரெயினிலை வாறம். பிழை உம்மிலை இல்லை, இவரிலைதான். படம் நல்லாத்தான் இருக்கு. சேலை வடிவா விழுந்திருக்கு. ஆனா அந்தத் தண்ணியை எடும். நாங்கள் உண்மையான தண்ணிக்கு முன்னாலை நிண்டனாங்கள்." கொஞ்சம் கேட்டுவிட்டு, "முதல் ஒரு தேத்தண்ணியைக் குடியும். குரல் நடுங்குது" என்று சொல்லி வைத்தாள்.

பிறகு அந்த அறிவித்தலைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள்.

"இப்பிடியே போட்டா, இந்தத் தோள் ஆற்றை எண்டு சனம் கேக்கும்" என்றாள்.

"என்ரை எண்டு சொல்லும்."

"நான் எப்பிடிச் சொல்லுறது? நான் செத்தெல்லோ போனன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அழுகை முடிவதற்கு முன்னரே வந்துவிட்டதால் இரண்டும் மூக்கால் போனது. அவள் முந்தானையைக் கொடுக்கவில்லை. இஸ்திரி போட்ட சேலை. கட்லட் சுற்றிக் கொண்டுவந்த கடதாசித் துவாயைக் கொடுத்தாள்.

ஈஸ்ட் ஹாம் நிலையத்தில் வெளியே போக மேலே ஏற வேண்டும். அந்தப் படிகளில் அவர் இரண்டு இடத்தில் நிற்பது இந்த ஒரு வருட வழக்கம். அவர் நின்றால், அவள் இரண்டு படி மேலே போய் நின்று, கைப்பைக்குள் எதையோ தேடுவாள். இன்றைக்கு முதல் இடத்தில் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவள் மேலே போகவில்லை. அதே படியில் பக்கத்தில் நின்று, தோளில் கையை வைத்தாள். பின்னால் வந்த சனம் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஏறிப் போனது. அதில் தெரிந்த முகங்களும் இருந்தன. ஒருவர் தலையாட்டினார்.

"கையை எடுக்கவோ?" என்றாள்.

"இருக்கட்டும்" என்றார் குலசேகரம். மூச்சு வந்ததும் இருவரும் அடுத்த படியில் காலை வைத்தார்கள்.